ஹாஜரா அக்காவும் நானும் இருந்த வார்ட்

பரந்தன் சந்தியிலிருந்து பூநகரிக்குத் திரும்பும் வீதியில் எனக்கு ஒரு சின்னத் தையற்கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவரில் ஒரு கண்ணாடி. தவமலர் அக்காவிடம் கொடுத்தால் அளவுச் சட்டை தேவையில்லை, ஆளைப் பார்த்தே வெட்டிவிடுவா என்று ஊரில் சொல்வார்கள். அந்த நான், ஒரு தை மாதம், பள்ளிக்கூடச் சீருடைத் துணியை மேசையில் விரித்துவிட்டு, எங்கே கத்தரிக்கோலை வைப்பது என்று தெரியாமல் மத்தியானம் வரை நின்றேன். நோய் அப்படித்தான் வந்தது. காய்ச்சலில்லை, காயமில்லை. ஒரு துணியை வெட்டும் அளவுக்குக்கூட மனம் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இதை எழுதும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் சில பெண்கள் கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும் வரை பொத்தான் பெட்டியைக் கிளறிக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாகக் கேட்கிறார்கள்: "அக்கா, உங்களுக்கு அப்ப என்ன நடந்தது?" ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அது எங்களுக்கு நல்ல காலம். அதையும் சொல்ல வேண்டும். வீடு கட்டி முடித்திருந்தோம். என் கணவர் சிவபாலன் உழவு மெஷின் வைத்திருக்கிறார்; அந்தப் போகம் அக்கராயன் பக்கமெல்லாம் அவருக்கு வேலை. மகள் துளசி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். குறை என்று சொல்ல எதுவுமில்லாத நேரத்தில் எனக்கு நித்திரை போனது. விடிய வெகுநேரம் இருக்கும்போதே கண் விழித்துவிடும். விழித்த உடனே நெஞ்சில் ஒரு பாரம், ஏதோ செய்யக் கூடாததைச் செய்து அகப்பட்டுக்கொண்ட மாதிரி. சோறு வாயில் மண் போல இருந்தது. வயிறு எரிந்தது.

வயிறு எரிந்ததால் வயிற்றுக்கு மருந்து எடுத்தோம். இரத்தம் பார்த்தார்கள். ஸ்கான் செய்தார்கள். பிறகு வவுனியாவில் தனியார் இடமொன்றில் தொண்டைக்குள்ளால் குழாய்க் கமரா விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் வெளியில் கதிரை வரிசையில் காத்திருப்போம். பக்கத்தில் இருப்பவர்கள் நோயைக் கேட்பார்கள். வயிறு என்பேன். ஒவ்வொரு தடவையும் "எல்லாம் நோர்மல்" என்று வரும். என் கணவர் முகம் மலர்ந்துவிடும். நான் அழுவேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம், பிறகேனப்பா அழுறீர்?"

ஒன்றுமில்லை என்றால் இது என்ன என்று அவரிடம் கேட்கத் தெரியவில்லை.

அவரது அக்கா என்னை மந்திரித்து நூல் கட்டுபவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனா. புதுவீட்டு நிலத்தில் ஏதோ புதைந்து கிடக்கிறது என்றார் அவர். அதன் தோஷம் போகக் கழிப்புக் கழித்தார்கள். மச்சாள் தன் சொந்தச் செலவில் செய்தா, நோன்பும் இருந்தா. அவவில் எனக்குக் கோபமில்லை. அவவுக்குத் தெரிந்த கதவைத்தான் தட்டினா. வேறு கதவு இருக்கிறதென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் மோசம். என் குடல் காய்ந்துபோய்விட்டது என்று நம்பத் தொடங்கினேன். சாப்பிடுவது உள்ளே போய் அழுகிக்கொண்டு கிடக்கிறது, என் மூச்சுப் பட்டால் துளசிக்கும் அது தொற்றும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சரியான சொல் அல்ல. கை இருக்கிறது, கால் இருக்கிறது என்று தெரிவது போல அது எனக்குத் தெரிந்தது. அவள் கிட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் சமைத்ததை அவளுக்குக் கொடுக்காமல் கோழிக்குக் கொட்டினேன். பிள்ளை கதவுக்கு அப்பால் நின்று, "அம்மா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, வாயைத் திறந்தால் மூச்சு வெளியே போய்விடும் என்று.

இளைப்பாறட்டும் என்று என்னை அக்கராயனில் மச்சாள் வீட்டில் விட்டார்கள். ஒரு காலை எல்லோரும் வயலுக்குப் போன பிறகு நான் எழுந்து குளக்கட்டுக்கு நடந்தேன். நான் இல்லாவிட்டால் பிள்ளை தப்பிவிடும் என்ற ஒன்றைத் தவிர மனதில் எதுவுமில்லை. குளக்கட்டில் ஒருவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வலையைக் கீழே வைத்தார்.

"எங்க தங்கச்சி போறீங்கள்?"

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "வாங்கோ, நானும் அந்தப் பக்கம்தான்" என்று, நான் வந்த வழியைக் காட்டி, பக்கத்தில் நடந்தார். மச்சாள் வீட்டு வாசல் படலை வரை வந்து, ஆட்கள் வரும் வரை வேலிக்கரையில் குந்தியிருந்தார். அந்த மனிதரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளிநோயாளர் பிரிவில் இளம் டொக்ரர் ஒருவர், பழைய ஸ்கான் படங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, செத்துப்போனால் நல்லம் எண்டு நினைக்கிறனீங்களோ?"

என் கணவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "என்ன டொக்ரர் கேக்கிறீங்கள்?" என்றார். நான் "ஓம்" என்றேன். அத்தனை மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அதைச் சொன்னதும் தோளில் இருந்து ஏதோ கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. இப்படி யாராவது கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். வராது. ஏற்கனவே இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்.

உளநல வார்ட் என்றதும் எனக்கு உயிர் போய்விட்டது. விசர் ஆஸ்பத்திரி, சங்கிலி, அடி என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் மற்ற வார்ட் மாதிரியே இரண்டு வரிசைக் கட்டில்கள், நீலப் படுக்கை விரிப்பு, மூலையில் ஒரு தொலைக்காட்சி. யன்னலுக்குக் கம்பி இருந்தது. நகை எதுவும் வைத்திருக்கக் கூடாது என்று தாதி மிஸ் சொன்னார். தாலிக்கொடியைக் கழற்ற என் கை வரவில்லை. என் கணவர்தான் கழற்றினார். சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். வாசலில் திரும்பி, "இது என்னட்டப் பத்திரமா இருக்கு. நீர் சுகமாகி வந்து வாங்கும்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஹாஜரா அக்கா. முல்லைத்தீவு. நாற்பத்தைந்து வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசோ புள்ள? பயப்புடாத. இஞ்ச பருப்புக் கறி நல்லம். தேத்தண்ணிதான் வாய்க்க வைக்க ஏலாது."

அவர் அங்கே புதிதல்ல. சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு கணவரோடு ஊருக்குத் திரும்பியவர். கணவருக்குப் பலசரக்குக் கடை. ஹாஜரா அக்காவின் நோய்க்கு இரண்டு முகம். ஒரு காலத்தில் நித்திரையே தேவைப்படாது. தெரு முழுவதற்கும் சமைப்பார், கடைச் சாமான்களை அள்ளி வழியில் போகிறவர்களுக்குக் கொடுப்பார், தன்னால் முடியாதது எதுவுமில்லை என்றிருக்கும். பிறகு அது அணைந்து, குளிக்கவும் எழும்ப முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருப்பார். ஒரே நோய்தான் இரண்டு பக்கமும் இழுக்கிறது என்று டொக்ரர் சொல்வார். "மேல ஏறேக்க நல்லாத்தான் இருக்கு புள்ள. இறங்கேக்கதான் ஆர் ஆருக்கு என்னத்தைக் குடுத்தனான் எண்டு கணக்கு வரும்" என்பார் ஹாஜரா அக்கா.

எனக்கு வந்தது கடும் மனச்சோர்வு. வார்ட்டின் பெரிய டொக்ரர், ஒரு பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "உங்கட குடல் காயேல்லை. ஆனா காய்ஞ்சது எண்டு உங்கட மூளை உங்களுக்குச் சொல்லுது. பொய் எண்டு உங்களாலை கண்டுபிடிக்க ஏலாத மாதிரிச் சொல்லுது. அதுக்குத்தான் மருந்து." நான் அவரை நம்பவில்லை. ஆனால் என்னைப் பொய்க்காரி என்று சொல்லாத முதல் ஆள் அவர்.

குளிசை மருந்து வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். நானோ தண்ணீரும் குடிக்காமல் இருந்தேன். அதனால் மின்சாரச் சிகிச்சை தரவேண்டும் என்றார்கள். 'கரண்ட் பிடிக்கிறது' என்று ஊரில் பயமுறுத்துவார்களே, அதுதான். உண்மையில் நடப்பது இது: ஊசி போட்டு மயக்குவார்கள். அந்த மயக்கத்தில் தலைக்குச் சில விநாடி மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். நமக்கு எதுவும் தெரியாது. எழும்பும்போது தலையிடிக்கும், சில நினைவுகள் போய்விடும். அதற்கென்று எங்களை அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். கையெழுத்து வைக்க முதல் இவர் டொக்ரரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அவவுக்குத் துணி வெட்டத் தெரியாமப் போயிடுமோ?"

துணி வெட்டுவது மறக்கவில்லை. அந்த வருடம் துளசியின் பிறந்தநாளுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

வார்ட்டில் இரவுகள் நீளம். யாராவது அழுதால் அது கட்டில் கட்டிலாகப் பரவும். ஹாஜரா அக்கா தானே படுத்துக்கிடக்கும் நாளிலும் கையை நீட்டி என் கட்டில் சட்டத்தில் வைத்திருப்பார். கதைக்க மாட்டார். கை மட்டும் இருக்கும்.

ஒரு காலைச் சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பல் உறைத்தது. வாயில் உறைப்பென்று ஒன்றை உணர்ந்து எத்தனை காலம்! கண்ணால் நீர் கொட்டியது. ஹாஜரா அக்கா பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சம்பலுக்கு அழுற மனுசியை இண்டைக்குத்தான் காணுறன்." பிறகு தன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சம்பலையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். சண்டையை நினைத்துத்தானே? அண்ணாவை நினைத்துத்தானே? கடைசிச் சண்டையில் என் அண்ணா போனது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஓமென்று சொல்லிவிட்டால் திருப்தியாக இருக்கும். டொக்ரரிடம் நானே கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார். "சண்டையே காணாத ஊரிலயும் இந்த வருத்தம் வருது. உங்கட பக்கத்தில, பட்ட கஷ்டத்துக்கு மேல வருது. ரெண்டும் உண்மை." எனக்கு அந்தப் பதில் அப்போது போதவில்லை. இப்போதும் முழுதாகப் போதாது. ஆனால் அண்ணாவின் பெயரை ஒரு நோய்க்குக் காரணமாக எழுதிவைக்க எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்தேன். இவர் படலையிலேயே தாலிக்கொடியை எடுத்துக் கட்டினார். சுகம் என்பது அங்கே முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

கடை திறந்த அன்று, முதலில் வந்தது பல வருட வாடிக்கைக்காரி ஒருத்தி. தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குத் தைக்கத் தந்த பட்டுத்துணியைத் திருப்பிக் கேட்டாள். "அக்கா, ஒண்டும் நினைக்காதேங்கோ. நீங்கள் களைச்சுப்போய் இருப்பியள்" என்றாள். கண் என் கையில் இருந்த கத்தரிக்கோலில் இருந்தது. அடுத்த நாட்களில் மற்றவர்களும் வந்தார்கள். அலுமாரி வெறுமையானது. குளிசையால் கையும் நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல், கடையின் பின்கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். இவர் வேலையில்லாத பின்னேரங்களில் வந்து கடைக் கதிரையில் உட்காருவார். பழைய காற்சட்டை ஒன்றின் மடிப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருப்பார், அதை நான் தைப்பேன், பிறகு ஒருநாள் அதையே திரும்பப் பிரிப்பார். துளசி பின்னேரங்களில் குளிசையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பௌதிகவியல் கணக்கு ஒன்றை எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்குவாள். எனக்கு ஒன்றும் விளங்காது. விழுங்குவது தெரியாமல் விழுங்கிவிடுவேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியது யார் என்று கேட்டால் ரஜனி என்றுதான் சொல்வேன். உதவித் திட்டம் ஒன்றில் வேலைசெய்த இளம்பெண். வார்ட்டிலிருந்து வீடு போனவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது அவளது வேலை. ஸ்கூட்டியில் வருவாள். மனம் எப்படி என்று கேட்க மாட்டாள்; இந்தக் கிழமை என்ன தைத்தீர்கள் என்றுதான் கேட்பாள். ஒன்றும் தைக்கவில்லை என்று நான் சொன்னபோது, அடுத்த கிழமை ஒரு நல்ல துணியோடு வந்தாள்.

"எனக்கு ஒரு சட்டை வெட்டுங்கோ அக்கா."

"கை நடுங்குது பிள்ளை. துணி பழுதாப் போயிடும்."

"போகட்டும். நான் பிழையான சட்டையைப் போட்டுக்கொண்டு திரியிறன்."

தோள் ஒரு பக்கம் ஏறித்தான் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பரந்தன் கடைகளெல்லாம் ஏறி இறங்கினாள், யார் தைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் பெயரைச் சொல்லி. வாசிகசாலை மண்டபத்தில் எங்களைப் போன்ற சில பெண்களைக் கிழமைக்கு ஒருநாள் கூட்டினாள். மருந்தைப் பற்றி, மாமியாரைப் பற்றி, விலைவாசியைப் பற்றிக் கதைப்போம். ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போவோம். அவ்வளவுதான் மருத்துவம்.

பிறகு ஒருநாள் ரஜனி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். "திட்டம் முடிஞ்சுது அக்கா. இந்த மாதத்தோட நிப்பாட்டினம்." அதே காலத்தில் எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் நடத்த வந்துகொண்டிருந்த டொக்ரரும் வெளிநாடு போனார். மாற்றாக ஒருவரும் வரவில்லை. இப்போது மருந்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனால் சிலவேளை ஒரு குளிசை இருக்காது, வெளியில் வாங்கச் சொல்வார்கள். கூலிவேலைக்குப் போகும் ஒரு பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டு எத்தனை தரம் போவாள்? முதலில் ஒரு மாதம் தவறும். "இப்ப சுகம்தானே" என்று தோன்றும். கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை வைப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்லலாம் என்றால், எங்களுக்குக் கட்டடம் வேண்டாம். படலை வரை ஒரு ஆள் வரவேண்டும், அந்த ஆள் அடுத்த வருடமும் வரவேண்டும்.

எங்கள் குழுவை என் கடைக்கு மாற்றினோம். மூன்று பேர்தான் தொடர்ந்து வருகிறார்கள்.

தானும் சுகமாகி வீடு திரும்பிய ஹாஜரா அக்கா அடிக்கடி போன் எடுப்பார். "மருந்து போட்டனியோ?" என்பதுதான் அவருக்கு வணக்கம். மழைக்காலம் முடியும்போது அந்த அழைப்புகள் நின்றன. நான் எடுத்தால் மணி அடித்து ஓயும். ஒருநாள் அவர் கணவர் எடுத்தார். "அவ கதைக்கிற நிலைமையில இல்லை தங்கச்சி" என்றார். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன்.

பின்னறையில் யன்னல் சாத்தியிருந்தது. ஹாஜரா அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். தலைமாட்டில் பாலில் ஆடை படர்ந்து கிடந்தது. கிளினிக்கில் அவரது மருந்து இல்லாமல் போய், பிறகு வாங்குவோம் என்று விட்டு, அப்படியே நின்றுபோனதாம். கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

வெளியே அவர் கணவர் கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"நானா, இண்டைக்கே கொண்டுபோவம்."

"எத்தினை தரம் தங்கச்சி?" கோபமாகச் சொல்லவில்லை. "கொண்டுபோறம், சுகமாகி வாறா, பிறகும் இதுதான். எனக்கும் வயசு போட்டுது. அல்லாஹ் விட்ட வழி எண்டு இருக்கிறன்."

நான் அவரோடு வாதாடவில்லை. அவர் அருகே படியில் உட்கார்ந்தேன். அக்கராயன் குளக்கட்டில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அதை அதுவரை வெளியாள் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் பக்கத்தில் நடந்துவந்த அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். நானா எழுந்தார். கடைக்கதவை இழுத்துவிட்டு, ஓட்டோவுக்குப் போன் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்ட்டில் கூட நிற்பதற்குப் பெண் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். அவர்களது மகள் புத்தளத்திலிருந்து வந்துசேர நாளாகும். நான் நிற்கிறேன் என்றேன். தாதி என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், நானாவின் தொப்பியைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன முறை?"

நான் யோசிப்பதற்குள் நானா சொன்னார்: "தங்கச்சி எண்டு எழுதுங்கோ, மிஸ்."

மகள் வரும் வரை ஹாஜரா அக்காவின் கட்டிலருகே இருந்தேன். முகம் கழுவிவிட்டேன், சீப்பால் தலை இழுத்துவிட்டேன். அவர் நான் விட்டபடியே கிடந்தார். ஊசி ஏற்றினார்கள். நான் நின்ற கடைசி நாள் காலை கஞ்சி கொண்டுவந்து ஒரு கரண்டி நீட்டியபோது அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் என்மேல் நின்றது.

"நீ ஆர் புள்ள?"

"தவமலர், அக்கா. பரந்தன் தவமலர்."

இல்லை என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார்.

"அவளுக்குச் சுகம். அவள் வீட்ட போயிட்டாள்."

கரண்டியை அவர் வாயருகே பிடித்தபடியே இருந்தேன். கஞ்சி ஆறிப்போன பிறகுதான் வாயைத் திறந்தார்.